பதினோரு பொட்டு

கெசையாவின் வாய்தான் எல்லாவற்றுக்கும் காரணம். அந்த வாய்க்குப் பயந்து, டூலன் திட்டில் கூடாரம் போட்டுப் பொன் தோண்டிய அறுபது ஆண்களும் அவள் கூடாரத்தைத் தாண்டும்போது தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வேகமாக நடப்பார்கள். பார்னபி ஒருவன்தான் தொப்பியையும் கழற்றி, நின்றும் பேசுவான். அப்படி நின்று பேசிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த நேரமாகப் பார்த்து, என்னைக் கட்டிக்கொள்கிறீர்களா என்று கேட்டுவிட்டான்.

நாற்பத்தொரு வயதில் அப்படி ஒரு கேள்வி வரும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. புருஷன் காய்ச்சலில் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. அவன் முளையடித்துத் தனதாக்கி வைத்திருந்த பள்ளத்தை விட்டுவிட்டு ஊருக்குப் போ என்று எல்லோரும் சொன்னபோது, எந்த ஊர் என்று நீங்களே சொல்லுங்கள், போகிறேன் என்று கேட்டு வாயை அடைத்தவள். அன்றிலிருந்து தனியாகத் தோண்டி, தனியாகத் தூற்றி, யாரிடமும் கைநீட்டாமல் இருந்தாள். அப்படிப்பட்டவளுக்கு அந்த ஒரு கேள்வியில் காது மடல் வரைக்கும் சூடேறியது. சூடேறினால் அவளுக்கு நாக்கு நீளும்.

"ஓடை ஓடைன்னு பெருமை பேசறியே, அதுலேர்ந்து ஒரு மோதிரத்துக்குப் பொன் எடுத்துட்டு வா. அப்புறம் பாக்கலாம்," என்றாள்.

வேறு யாராக இருந்தாலும் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். பார்னபி நிதானமாக யோசித்தான். "சரிங்க," என்று கையை நீட்டினான். அவளும் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே மாவுக் கையை நீட்டிவிட்டாள். அந்தக் காட்டில் கைகுலுக்கினால் பத்திரம் எழுதியதற்குச் சமம். உள்ளங்கையில் ஒட்டிய மாவைத் துடைக்காமலே அவன் போனதை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். கொஞ்சம் அதிகமாகவே வாயைக் கொடுத்துவிட்டோமோ என்று அப்போதுதான் உறைத்தது.

ஏனென்றால் பார்னபியின் ஓடையில் பொன் கிடையாது. இது திட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். வருடத்தில் இரண்டு நாள் தண்ணீர் ஓடி, மிச்ச நாளெல்லாம் காய்ந்து கிடக்கும் ஓடைகள் அங்கே எட்டோ ஒன்பதோ இருந்தன. அதில் மிகவும் அழகானது அவனுடையது. மிகவும் வெட்டியானதும் அதுதான். ஓடை வளைகிற இடத்தில் குறுக்கே ஒரு கறுப்புப் பாறை படுத்திருந்தது. வெள்ளம் எத்தனை காலமாக எதை அடித்துவந்தாலும் கனமானது அந்தப் பாறையில் தட்டித்தான் நின்றிருக்க வேண்டும் என்பது அவன் கணக்கு. கணக்கு சரிதான். வெள்ளம் எதையும் அடித்து வரவில்லை என்றால் கணக்கு என்ன செய்யும்?

அவன் விடவில்லை. மாலையில் பாறை இடுக்குகளைப் பழைய கத்தியால் சுரண்டி, மண்ணைக் குவித்து, சாக்குப் போட்டு மூடி வைப்பான். காலையில் கிழக்குக் காற்று கிளம்பியதும் தூற்ற ஆரம்பிப்பான். களத்தில் நெல் தூற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. காலடியில் ஒரு தகரத் தட்டு. தலைக்குமேல் தூக்கிய கையில் மண் நிறைந்த இன்னொரு தட்டு. மேலிருந்து மெல்லச் சரித்தால் புழுதியைக் காற்று கொண்டுபோகும்; கனமானது நேரே கீழே விழும். விழுந்ததை எடுத்து மறுபடி சரிக்க வேண்டும். கடைசியில் ஒரு பிடி கருமணல் மிஞ்சும். அதைத் தட்டில் ஆட்டிக் கொழித்து, குனிந்து வாயால் ஊதினால், அதிர்ஷ்டம் இருந்தால், ஒரு பொட்டு மின்னும். பொன்னின் சின்னத் துண்டு எதுவானாலும் அங்கே பொட்டு என்றுதான் பெயர். பார்னபிக்குக் கிடைத்த பொட்டுகளைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும். விட்டால் பறந்துவிடும்.

இப்படி நான்கு மாதம் போயிற்று. இந்த நான்கு மாதத்தில் கெசையாவுக்கு ஒரு புதுப் பழக்கம் வந்திருந்தது. காலையில் எழுந்ததும் முதலில் ஓடைப் பக்கம் பார்ப்பாள். அங்கே சிவப்பாகப் புழுதி எழுந்தால்தான் அவளுக்கு டீ தொண்டையில் இறங்கும். புழுதி எழத் தாமதமானால் சும்மா கிடந்த கெட்டிலைத் திட்டுவாள். இதற்கு என்ன பெயர் என்று அவளுக்குத் தெரியும். ஒத்துக்கொள்ளத்தான் வாய் வரவில்லை.

மூன்றாவது மாதத்தில் ஒருமுறை இறங்கிவந்து பார்த்தாள். அந்த மோதிரப் பேச்சை விட்டுவிடு, எனக்கு மோதிரமே வேண்டாம் என்று சொன்னாள்.

"நீங்க சொன்னீங்க. நான் கை குடுத்தேன்," என்றான் பார்னபி.

"நான் சும்மா சொன்னேன்யா."

"நான் சும்மா குடுக்கல."

அதற்கு மேல் அவனோடு பேச முடியவில்லை. கழுதையைக்கூட கேரட்டைக் காட்டித் திருப்பிவிடலாம். பிடித்த பிடியை விடாத ஒரு நல்ல மனுஷனை எதைக் காட்டியும் திருப்ப முடியாது. ஒரு மோதிரத்துக்கான பொன்னை மண்ணிலிருந்து எடுக்கத் துப்பில்லாதவன் ஒரு பெண்பிள்ளையிடம் கேள்வி கேட்டிருக்கவே கூடாது என்று வேறு சொல்லிவிட்டுத் தூற்றப் போனான். அவளுக்கு அவனை அந்தத் தட்டாலேயே மண்டையில் போடலாம் என்று வந்தது.

பிறகு அந்த வாரம் வந்தது. திங்கட்கிழமை தெற்கே போகிற வண்டியில் பார்னபி இடம் சொல்லி வைத்திருக்கிறான் என்ற செய்தியைக் கொல்லர் ஈவன்தான் கொண்டுவந்தார். மாவும் தீர்ந்துவிட்டது, டீத்தூளும் தீர்ந்துவிட்டது. ரயில் பாதை போடுகிற வேலைக்குப் போகிறானாம். கெசையா, போகட்டுமே, எனக்கென்ன என்றாள். ஈவன் அவள் கையைப் பார்த்தார். அவர் தீட்டிக் கொண்டுவந்து கொடுத்த குத்துக்கோடாரியை அவள் தலைகீழாகப் பிடித்திருந்தாள்.

பாதை வேலைக்குப் போனவர்கள் ஒரு கடிதம் போடுவார்கள்; அதன்பிறகு அதுவும் வராது. இது அவளுக்குத் தெரியும். புதன்கிழமை முழுக்க யோசித்தாள். வியாழக்கிழமை மத்தியானம் பார்னபி தண்ணீர் வாங்கப் போன நேரத்தில், தன் புகையிலை டப்பாவைத் திறந்து, மூன்று வருடத்துப் பொன்னில் நல்லதாகப் பார்த்துப் பதினோரு பொட்டு பொறுக்கிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, அவன் ஓடைக்குப் போனாள்.

அவள் செய்யப் போன காரியத்துக்கு அங்கே "உப்புப் போடுவது" என்று பெயர். ஒன்றுமில்லாத நிலத்தில் நாலு பொட்டைத் தூவி, பொன் விளையும் பூமி என்று காட்டி ஏமாந்தவன் தலையில் கட்டுகிறவர்கள் செய்கிற வேலை. அந்தச் சொல்லைச் சொல்லும்போதே தரையில் துப்புவார்கள். கெசையாவும் மற்ற நாளில் துப்புகிறவள்தான். இப்போது சாக்கைத் தூக்கி, அவன் குவித்து வைத்திருந்த மண்ணில் ஒவ்வொரு பொட்டாக விரலால் அழுத்திப் புதைத்தாள். எங்கோ ஒரு காகம் கத்தியதற்கு உடம்பெல்லாம் தூக்கிப்போட்டது. எடுக்க வந்தவள்கூட இவ்வளவு நடுங்கியிருக்க மாட்டாள். இவள் கொடுக்க வந்து நடுங்கினாள். திரும்பி வரும்போது பாதிவழியில் தன்னாலேயே சிரிப்பு வந்துவிட்டது. பதினாறு வயதில் செய்யவேண்டிய வேலை.

ஒன்றை மட்டும் அவள் யோசிக்கவில்லை. ஒவ்வொரு ஓடைப் பொன்னுக்கும் ஒரு முகம் உண்டு. சிலது கரடுமுரடாக, ரொட்டித் துணுக்கு மாதிரி, சிலது உருண்டையாக இருக்கும். பார்னபியின் ஓடையில் வந்த தூசிகூட செம்பு கலந்த மாதிரி சிவப்படித்துத்தான் இருக்கும். கெசையாவின் பள்ளத்துப் பொன் வெளிறிய மஞ்சள், தட்டை, அச்சு அசல் வெள்ளரி விதை. அந்தச் சுற்றுவட்டாரத்தில் வேறெங்கும் அப்படி வந்ததில்லை. இதெல்லாம் அவளுக்குத் தெரியாதா? யாரோ ஒருவன் பொட்டை நீட்டினால் எந்த ஓடை என்று அவளே சொல்வாள். ஆனால் தன் பொன்னைத் தினம் தினம் பார்த்து, அதற்கும் ஒரு முகம் இருக்கிறது என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. போதாததற்கு, அழகானதாகப் பொறுக்கிப் பொறுக்கி எடுத்திருந்தாள். அதாவது, கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் அவள் பள்ளம் என்று சொல்லக்கூடிய பதினொன்றை.

வெள்ளிக்கிழமை காலை காற்று நன்றாகக் கிளம்பியது. அவள் தன் பள்ளத்தில் நின்று பேருக்குத் தூற்றிக்கொண்டிருந்தாள். கண்ணெல்லாம் ஓடைப் பக்கம். புழுதி எழுந்தது, அடங்கியது, எழுந்தது. பிறகு ரொம்ப நேரம் எழவே இல்லை. கொஞ்ச நேரத்தில் தட்டுச் சத்தம் கேட்டது.

தகரத் தட்டைக் குத்துக்கோடாரிக் காம்பால் விடாமல் அடித்தால், கேட்டவர்கள் எல்லோரும் போட்டதைப் போட்டபடி கொல்லுப் பட்டறைக்கு வந்துவிட வேண்டும். டூலன் திட்டில் போலீஸ் கிடையாது, கோர்ட் கிடையாது, அந்தத் தட்டுதான். பெரிய பொன் கிடைத்தாலும் அடிப்பார்கள், பெரிய தப்பு நடந்தாலும் அடிப்பார்கள். கெசையாவுக்கு இரண்டாவது ஒன்று இருப்பதே நினைவில்லை. தலைகால் புரியாத சந்தோஷத்தில் கூடாரத்துக்கு ஓடி, குடிக்கிற தண்ணீரில் அரைக் குவளையை ஊற்றி முகம் கழுவினாள். பெட்டியின் அடியிலிருந்த நீலச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு வேண்டுமென்றே மெதுவாக நடந்தாள். வழியில் ஓடிப்போன ஒருவன், அக்கா, யாருக்கோ பெரிசா அடிச்சிருக்கு போல என்று கத்திவிட்டுப் போனான். இருக்கும், இருக்கும் என்றாள் ஒன்றும் தெரியாதவள் மாதிரி.

பட்டறையில் அத்தனை பேரும் வளையமாக நின்றிருந்தார்கள். நீலச் சட்டையைப் பார்த்து வழி விட்டார்கள். நடுவில் பார்னபி வெறுந்தலையோடு நின்றான். அவன் தொப்பி பட்டறைக்கல்லின் மேல் இருந்தது.

குற்றம் சாட்டப்பட்டவனின் தொப்பியைத்தான் அந்தக் கல்லின் மேல் வைப்பார்கள்.

பேசிக்கொண்டிருந்தவர் மெக்ஃபீ. இந்த மெக்ஃபீ கெட்டவர் இல்லை. ஒரு காலத்தில் எங்கோ பொன் உரைத்துப் பார்க்கிற ஆபீசில் வேலை பார்த்தவர். அதைத் தினம் இருமுறையாவது சொல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு செரிக்காது. காலையில் புகையிலைக் கடன் கேட்கப் பார்னபியிடம் போயிருக்கிறார். போன இடத்தில் தட்டில் மஞ்சளாக மின்னியதும், அடடா, மாப்ளே, அடிச்சுட்டியே என்று கட்டிக்கொண்டிருக்கிறார். பிறகு ஒரு பொட்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. அவர் பார்னபியைத் திட்டவில்லை. பாதி அழுகையில்தான் பேசினார். ஆனால் தட்டை அடிக்காமலும் பேசாமலும் இருக்க அவரால் முடியவில்லை.

பதினோரு பொட்டும் ஒரு கைக்குட்டையின் மேல் கிடந்தன. ஈவன் ஒவ்வொருவரிடமும் காட்டினார். யாருக்கும் சந்தேகம் இல்லை. பட்டறைக்கு எதிரே இருபது வெள்ளரிக்காயை அறுத்துக் கொட்டியிருந்தாலும் இவ்வளவு தெளிவாக இருந்திருக்காது.

"மோதிரத்துக்குப் பொன் கொண்டான்னு கெசையா சொன்னா. இவனுக்குக் கெடைக்கல. அவ பொன்னையே எடுத்து அவளுக்கே மோதிரம் போடப் பாத்திருக்கான். இத நான் சொல்ல வேண்டியிருக்கேன்னு எனக்கே வெக்கமா இருக்கு," என்றார் மெக்ஃபீ.

கூட்டத்தில் ஒரு உறுமல் எழுந்தது. ஒருவன் கூடாரத்தில் இன்னொருவன் கைவைப்பது என்றால் அந்தக் காட்டில் அதைவிடப் பெரிய தப்பு இல்லை. கதவு பூட்டு எதுவும் இல்லாத இடம். ஒருவர்மேல் ஒருவர் வைத்த நம்பிக்கையில்தான் எல்லோரும் தூங்கி எழுந்தார்கள். திருடியவனுக்கு ஒரு பை தண்ணீர் கொடுத்து, பொழுது சாய்வதற்குள் நட என்று அனுப்பிவிடுவார்கள். அவன் போய்ச் சேருமுன் சேதி எல்லாத் திட்டுக்கும் போய்விடும். பிறகு பாதை வேலைகூடக் கிடைக்காது.

இந்தப் பொன் உன் தட்டுக்கு எப்படி வந்தது என்று ஈவன் கேட்டார். பார்னபி கெசையாவை ஒரே ஒருமுறை பார்த்தான். நீலச் சட்டையையும் பார்த்தான். பிறகு குனிந்து தன் பூட்ஸைப் பார்த்தான்.

"எனக்குச் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல," என்றான்.

அந்தப் பார்வையில் கெசையாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இவனுக்குத் தெரியும். பார்த்த கணமே தெரிந்திருக்கும், இவனும் தூற்றுகிறவன்தானே. தெரிந்தும் வாயைத் திறக்காமல் நிற்கிறான். திறந்தால் உப்புப் போட்டவள் என்ற பெயர் அவளுக்கு வரும். அதனால் திருடன் என்ற பெயரைத் தான் வாங்கிக்கொண்டு நடக்கப் போகிறான். இப்படியும் ஒரு முட்டாள் உலகத்தில் இருப்பானா என்று அவளுக்குக் கோபம் வந்தது.

பறிகொடுத்தவள் அவள் என்பதால் ஈவன் அவளைத்தான் கேட்டார், உன் பொன் எதுவும் குறைகிறதா தாயி என்று. எதுவும் குறையவில்லை என்று பட்டென்று சொன்னாள். அதோடு விட்டிருந்தால் தப்பித்திருக்கலாம். மெக்ஃபீ விடவில்லை. போன ஞாயிற்றுக்கிழமைதானே ஈவன் தராசில் எல்லோர் டப்பாவையும் நிறுத்தோம், அவள் டப்பாவை இப்போது நிறுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும், யாராவது போய் எடுத்து வாருங்கள் என்றார். இரண்டு பேர் கிளம்பியே விட்டார்கள்.

கெசையா அவர்களை நில்லுங்கள் என்றாள். அறுபது பேரின் முன்னால் நடு வளையத்துக்கு வந்தாள். வாழ்நாள் முழுக்க அவளைக் கைவிடாத வாய் அப்போது பார்த்து ஒட்டிக்கொண்டது. எச்சிலை விழுங்கிவிட்டுச் சொன்னாள்.

"அவன் எடுக்கல. நான்தான் போட்டேன்."

ஈவனுக்குக் காது கொஞ்சம் மந்தம். "என்னத்தப் போட்ட?"

"உப்புப் போட்டேன். நேத்து மத்தியானம். அவன் மண்ணுல."

யாரோ ஒருவன் பழக்கதோஷத்தில் துப்பப் போய், அவள் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டான். ஈவன் தலையைச் சொறிந்தார். உப்புப் போடுகிறவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார்; ஆனால் அடுத்தவன் நிலத்தில், சொந்தப் பொன்னைப் போட்டவர்களைப் பார்த்ததில்லை. நிலம் வாங்க வந்த யாரையாவது ஏமாற்றவா என்று கேட்டார்.

"வாங்க யாரும் வரல. அவனத்தான் ஏமாத்தப் பாத்தேன்."

"எதுக்கும்மா?"

கெசையா நீலச் சட்டையின் முனையை முறுக்கினாள். பிறகு முறுக்குவதை விட்டு நிமிர்ந்தாள்.

"எதுக்கா? திங்கக்கெழம வண்டியில போயிடுவான்ல. போவக்கூடாதுன்னுதான். என்னக் கட்டிக்கிட்டு இங்கயே கெடக்கட்டும்னுதான். போதுமா? இன்னும் வெளக்கமா சொல்லணுமா?"

முதலில் சிரித்தது யார் என்று பிறகு பல நாள் சண்டை நடந்தது. ஒருவன் சிரித்ததும் அறுபது பேரும் சிரித்தார்கள். ஒருவர் முதுகில் ஒருவர் அடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். மெக்ஃபீ மட்டும் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். ஆபீசில் வேலை பார்த்தபோது இப்படி ஒரு கேஸ் வந்ததில்லை.

பார்னபி சிரிக்கவில்லை. பூட்ஸைப் பார்த்தபடியே, முதல் சரிப்பிலேயே தெரிந்துவிட்டது என்று சொன்னான். அவன் பேசியதும் கூட்டம் அடங்கியது. பிறகு ஏன்யா கல்லு மாதிரி நின்றாய் என்று ஈவன் அதட்டினார்.

"எதுக்காகப் போட்டாங்கன்னு தெரியலையே," என்றான் பார்னபி. இப்போது நேராக அவளைப் பார்த்தான். "ஆசப்பட்டுப் போட்டீங்களா, பாவம் பாத்துப் போட்டீங்களான்னு எப்படித் தெரியும்? பாவம் பாத்துன்னா நான் போயிடறதுதான் சரி."

எல்லோரும் கெசையாவைப் பார்த்தார்கள். அவளுக்கு வாய் திரும்பி வந்திருந்தது.

"பாவம் பாத்தா ஒரு பொட்டு போடுவாங்க. பதினொண்ணு போடுவாங்களா?"

பார்னபியின் முகம் முழுக்க அப்பிக் கிடந்த செம்மண் புழுதியில் வாயோரம் மட்டும் இரண்டு கோடு விழுந்தது. அவன் சிரிக்கிறான் என்று அதை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

ஈவன் தீர்ப்புச் சொன்னார். திருட்டு நடக்கவில்லை. உப்புப் போட்டது தப்புதான். ஆனால் நிலத்தை யார் தலையிலும் கட்டாததால் அதில் ஏமாந்தவர் யாரும் இல்லை. ஒருவன் முளையடித்த இடத்து மண்ணை அவனே தூற்றி, அவன் தட்டில் விழுந்தது என்றால், அது அவன் ஓடைப் பொன். எப்படி அங்கே வந்தது என்பதைப் பற்றிச் சட்டத்துக்குக் கவலை இல்லை. எல்லாப் பொன்னையும் எப்போதோ ஏதோ ஒன்று கொண்டுவந்து போட்டதுதானே. இதை வெள்ளம் போடவில்லை, கெசையா போட்டாள், அவ்வளவுதான். ஒப்புக்கொள்கிறவர்கள் கை தூக்கலாம் என்றார். அத்தனை கையும் உயர்ந்தது. மெக்ஃபீ இரண்டு கையையும் தூக்கினார். ஈவன் தொப்பியை எடுத்துப் பார்னபியின் தலையில் வைத்து ஒரு தட்டுத் தட்டினார். மோதிரத்தை ஞாயிற்றுக்கிழமைக்குள் தானே அடித்துத் தருவதாகச் சொன்னார். லாடம் அடிக்கிற கை, கொஞ்சம் முரட்டு மோதிரமாக வந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றார்.

பார்னபி தொப்பியை மறுபடி கழற்றிக்கொண்டு அவள் பக்கத்தில் வந்தான். வேறு ஏதாவது நிபந்தனை இருக்கிறதா என்று கேட்டான்.

"இருக்கு," என்றாள் கெசையா. "மொதல்ல அந்த மூஞ்சியக் கழுவிட்டு வா. யாரக் கட்டிக்கப் போறோம்னு நான் பாக்க வேண்டாமா?"

அவள் கேலிக்குத்தான் சொன்னாள். ஆனால் சொன்னது யாரிடம்? பார்னபி உடனே கவலையாகிவிட்டான். அவனிடம் திங்கட்கிழமை வரைக்கும் குடிக்க ஒரு பைத் தண்ணீர்தான் இருந்தது. அங்கே யாரிடமும் அதற்கு மேல் இருந்ததில்லை. குளிப்பது என்பதே மழை வந்தால் நடக்கிற காரியம். அவள், ஐயோ, விளையாட்டுக்குச் சொன்னேன் என்று சொல்ல வாயெடுக்கும்போது, மெக்ஃபீ யாரிடமும் சொல்லாமல் தன் கூடாரத்துக்குப் போய், ஒரு தகரக் குவளை நிறையத் தண்ணீரை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, ஒரு சொட்டுச் சிந்தாமல் நடந்து வந்தார்.

"மாப்ளே, என்ன மன்னிச்சிடு," என்று அதை ஈவனின் பெரிய தொட்டியில் ஊற்றினார்.

அவ்வளவுதான். பிறகு யாரையும் பிடிக்க முடியவில்லை. ஆளுக்கொரு குவளை. முதல்நாள் டீ போட்டு மிச்சம் வைத்திருந்தவன் அதைக் கொண்டுவந்தான். ஒருவன் தன் சுமை ஒட்டகத்துக்கு வைத்திருந்ததில் பாதியைக் கொண்டுவந்து, ஒட்டகத்திடம் சொல்லிவிட்டேன் என்றான். எவனோ அரைக்கட்டி சோப்பைக் கொண்டுவந்தான். அது இத்தனை நாள் எங்கே இருந்தது என்று எல்லோரும் அவனைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். நாளைக்கு எல்லோருக்கும் தாகம் எடுக்கும். அதைப் பற்றி அன்றைக்கு யாரும் பேசவில்லை. தொட்டியில் தண்ணீர் ஏற ஏறப் பார்த்துக்கொண்டு நின்ற கெசையாவுக்கு அழுகை வந்துவிட்டது. யாரிடமும் மறைக்காமல் அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். மூன்று வருடமாக இவர்களில் ஒருவரிடமும் ஒரு வாய்த் தண்ணீர் கேட்டதில்லை அவள்.

பட்டறைக்குப் பின்னால் சாக்கு கட்டி மறைத்து, பார்னபியை உள்ளே தள்ளினார்கள். வெகுநேரம் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. வெளியே நின்றவர்கள், காதைத் தேய், கழுத்தைத் தேய் என்று யோசனை சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஈவன் தன் மாற்றுச் சட்டையைச் சாக்குக்கு மேலாக எறிந்தார்.

சாக்கை விலக்கிக்கொண்டு வந்தவனை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. மூக்கிலும் கன்னத்திலும் கடுகு கொட்டிய மாதிரி புள்ளிகள். புருவம் பழுப்பு என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள், மஞ்சளாக இருந்தது. நாற்பது நாற்பத்தைந்து இருக்கும் என்று நினைத்திருந்த ஆள் அதற்கு நாலு வயது குறைவாகவே தெரிந்தான். கூட்டம் ஊளையிட்டது.

"யாருய்யா நீ?" என்றாள் கெசையா. "நான் கட்டிக்கிறேன்னு சொன்னது வேற ஆளு."

"நான்தான், கெசையா," என்றான் அவன். ஈரத் தலையிலிருந்து தண்ணீர் சட்டைக்குள் வழிந்தது. "நீ மாவுக் கையோட கை குடுத்தியே, அந்த ஆளுதான்."

அவன் முதல்தடவையாக 'நீ' என்று சொன்னதை அறுபது பேரில் ஒருவரும் கவனிக்கவில்லை. அவள் கவனித்தாள். சந்தோஷத்தில் என்ன சொல்வதென்று தெரியாமல், காதுக்குப் பின்னால் இன்னும் மண் இருக்கிறது, இதுகூட ஒழுங்காகக் கழுவத் தெரியாதா என்று திட்டிக்கொண்டே, நீலச் சட்டையின் கையால் அதைத் துடைத்துவிட்டாள்.